ஆறு கலர் மை

வீட்டுக்கு ஒரு போட்டோ பிரிண்டர் வாங்குவது வாடகைக்கு வீடு பார்ப்பதைவிடக் கஷ்டம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், பஸ் டிப்போவில் கூடுதலாக ஒரு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு தப்பித்திருப்பேன். மாமனார் போன பிறகு அவர் படத்தைச் சுவரில் மாட்டுகிற வேலை மாப்பிள்ளையான என் தலையில் விழுந்தது.

மாமா குழாய் ரிப்பேர் செய்கிறவர். நல்ல கறுப்பு. போனில் இருந்த படத்தை ஸ்டுடியோவில் கொடுத்தோம். மாவில் உருட்டி எடுத்தது மாதிரி ஒரு முகம் வந்தது. இன்னொரு கடையிலும் அதே கதை. அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இது யாரோ பேங்க் மேனேஜர் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்ச நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"கண்ண மூடினா இப்பல்லாம் அந்த வெள்ள மூஞ்சிதான்ப்பா வருது. அவர் மூஞ்சி போயிட்டே இருக்கு. மறந்துருவேனோன்னு பயமா இருக்கு."

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரர்கள் யாராக இருந்தாலும் வெளுக்கத்தான் வெளுப்பார்கள், நல்ல பிரிண்டராக வாங்கி வீட்டிலேயே அடித்துக்கொள்வோம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

முடிவு செய்ய என்ன, வாய் இருந்தால் போதும். அலைந்தது நான். வெளியூரில் இருக்கும் மச்சான் தினமும் போனில் பாடம் எடுத்தார். நாலு கலர் மை ஆபீஸ் காகிதத்துக்குத்தான் சரி, முகம் என்றால் ஆறு கலர் வேண்டும். சாதாரணத் தாளில் மை ஊறி மங்கிவிடும், கெட்டியான போட்டோ தாள் வேண்டும். சும்மா போட்டு வைத்தால் மை காய்ந்து, அதைப் பீச்சுகிற தலை அடைத்துக்கொள்ளும். கடைசியாகச் சொன்னது என் தலைக்கும் பொருந்தியது.

ஷிப்ட் முடிந்து, சட்டையில் டீசல் வாடையோடு கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் மாதிரிக்கு ஒரு பச்சைக்கிளியை அடித்துக் காட்டினார்கள். கிளி எல்லா மிஷினிலும் அழகாகத்தான் வருகிறது. என் மாமனார் கிளி இல்லையே. பென் டிரைவில் இருந்த அவர் படத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னால் மறுபடியும் மேனேஜர்தான் வந்து நின்றார். மிஷின் சரியில்லை என்று அடுத்த கடைக்குப் போவேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் அலுத்துப்போய், இருப்பதிலேயே நல்லது என்று மச்சான் சத்தியம் செய்த ஆறு கலர் பிரிண்டரை வாங்கிவந்தேன். கெட்டித் தாளை வைத்து அடித்தோம். மெதுவாக, வரி வரியாக, மேனேஜர் வெளியே வந்தார். முன்பைவிடத் துல்லியமாக.

மனைவி அதையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மிஷின் மேல தப்பில்லங்க. போன்லயே அப்பா இப்படித்தான் இருக்காரு."

முகத்தை அழகாக்குகிற வசதி ஒன்று போனில் உண்டு. வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அதை நிறுத்தவே இல்லை. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். அவள், நான், மாமா, எல்லோருமே பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்தவர்கள். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து அதுதான் நாங்கள் என்று பழகிவிட்டது. போனுக்கு முந்தி அவருக்கு இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம், அதுவும் கறுப்பு வெள்ளை. எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது?

சோர்ந்துபோய் என் போனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு ஒரு பழக்கம். வேலை நடுவில் சாமான் தேவைப்பட்டால் பேர் சொல்லிக் கேட்கமாட்டார். உடைந்ததைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, இது மாதிரி ஒண்ணு என்று எனக்கு அனுப்பிவிடுவார். வரும் வழியில் நான் வாங்கி வரவேண்டும். வாஷர், வால்வு, ஷவர் தலை என்று வரிசையாக இருந்தன. ஒன்றில் நல்ல வெளிச்சம். விரிசல் விட்ட குழாயைப் பிடித்திருக்கிற கை, மணிக்கட்டு வரைக்கும். பிளந்த கட்டைவிரல் நகம், புறங்கையில் சூடு பட்ட தழும்பு, அதே கறுப்பு. போனுக்கு முகத்தைத்தான் வெளுக்கத் தெரியும். கையை விட்டுவிட்டது.

அந்தப் படத்தை அடித்து எடுத்துப்போய் அத்தையிடம் நீட்டினேன். முகம் கேட்டவரிடம் குழாயைக் கொடுக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது.

அத்தை ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தழும்பின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்தக் கலரை வைத்து முகத்தைச் சரிசெய்ய முடியுமா என்று மச்சானிடம் கேட்பதாகச் சொன்னேன்.

"வேண்டாம்ப்பா. கை போதும். மூஞ்சிய நான் பாத்துக்கறேன்."

படத்தை மடியில் வைத்து நாற்காலியில் சாய்ந்து, அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நான் சத்தம் போடாமல் ஆணியும் சுத்தியலும் தேடினேன். இரண்டும் மாமாவின் வேலைப் பையில்தான் இருந்தன.