எலியேசர் கடைசியாகச் சொன்னது

“எழுதிக்கிடுதேன், சொல்லு. கடைசியா என்ன சொன்னான்?”

ஹெப்ரான் பெரியப்பா பேனா மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் தாள் தயாராக இருந்தது. மேலே ‘வாழ்க்கைக் குறிப்பு’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர், கோடு போடாமல் எதையும் தொடங்கமாட்டார். கூடத்தில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் அவருடைய தம்பி எலியேசர் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். குமாஸ்தாவாக முப்பது வருடம் அலுவலகம் போனபோதுகூட அந்த மேல் பொத்தானை அவர் போட்டதில்லை.

எதிரே எலியேசரின் மகள் கெசியா அந்த இரண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் உயிர் பிரிந்தபோது அறையில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் குடும்பத்தில் யாரும் வெறுமனே செத்ததில்லை. பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் தெற்கு மதிலோரம் அவர்களுடைய வரிசை. பெயர், பிறப்பு, இறப்பு, அதற்கும் கீழே ‘கடைசி வாக்கு’. மற்றவர்கள் வேத வசனம் வெட்டுகிற இடத்தில் இவர்கள் சொந்த வசனம் வெட்டினார்கள். தாத்தாவின் கல்லில் ‘ரதம் வந்துவிட்டது’ என்றிருக்கும். வெளியூர்க் குருமார் அதைப் படம்பிடித்துப் போய்ப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று பெரியப்பா சொல்வார்.

தாத்தா உண்மையில் கேட்டது, ஆழ்வார்திருநகரி பஸ் வந்துவிட்டதா என்று. அத்தை அதில் வரவேண்டியிருந்தது.

“பஸ்ஸை ரதமாக்குனது ஒங்க பெரியப்பா. அங்கன தலைமாட்டுல நான் நிக்கேன். நல்லவேளை, கண்டக்டரைத் தேவதூதனாக்காம விட்டாரு” என்று அப்பா ஒருமுறை அவளிடம் சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அம்மா வந்து முதுகைத் தடவும்படி ஆனது.

கெசியா எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படித்தாள். இந்தப் பருவத்தில் பழைய துன்பியல் நாடகங்கள். நாடகத்து அரசர்கள் சாகும் கட்டம் வந்தால் பேராசிரியர் ஜோஷுவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “மரணத்தின் வாசலில்தான் மனிதன் முழுமையாகப் பேசுகிறான்” என்பார். ஐந்து மதிப்பெண் கேள்வி என்பதால் கடைசி பெஞ்சுகூட அதைக் குறித்துக்கொள்ளும். கெசியா குறித்துக்கொண்டதோடு நில்லாமல் நம்பவும் செய்தாள். அந்த நாடகங்களில் எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. சேதி சொல்ல ஒருவன் ஓடிவருவான். பெரியவர்கள் கூட்டமாக நின்று ஒரே குரலில் புலம்புவார்கள். சாகிறவர் தன் பிழையை உணர்ந்து, சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விழுவார். வீட்டுக்காரி மருந்துக்கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எந்த அரசனும் செத்ததில்லை.

நேற்றுப் பிற்பகல் அம்மா மருந்துக்கடைக்குத்தான் போயிருந்தாள். கெசியா அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து நாடகத்தின் கடைசி அங்கத்தைச் சத்தமாக வாசித்து, அப்பாவுக்காக நடுநடுவே தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாள் பாய்ந்த அரசன் இரண்டாவது பக்கத்தைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தான்.

“ஏளா, வயித்துல குத்து வாங்குனவன் இவ்ளோ பேசுதானே, மூச்சு முட்டாதா?”

“சும்மா கெடங்கப்பா. நாளைக்குப் பரீட்சை.”

அவர் சும்மா கிடந்தார். அங்கத்தை முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோதும் அப்படியே கிடந்தார்.

“பேசாம இருந்தா எப்படிளா? பதினோரு மணிக்கு அடக்க ஆராதனை” என்றார் பெரியப்பா, மேசையில் தாளைத் தட்டி.

“நாடகத்துல ராசா சாகும்போது ரொம்பப் பேசுதான்னு சொன்னாங்க.”

பேனா நின்றது. “அதைக் கல்லுல வெட்டவா முடியும்? சரி, அதுக்கு நீ என்ன சொன்ன?”

கூடத்தில் குளிர்பெட்டி நின்று, மறுபடி உறுமத் தொடங்கியது.

“ஒண்ணுஞ் சொல்லல.”

“செபம் பண்ணிக்கிட்டிருந்திருப்ப” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அவர் எழுத ஆரம்பித்தார்.

வேதக்கோயிலில் அவர் அதைத் தலைமையாசிரியர் குரலில் வாசித்தார். மகள் முழங்காலில் நின்று செபிக்கையில், எலியேசர் கண்களை உயர்த்தி, ‘அண்ணா, என் பணி முடிந்தது’ என்று சொல்லி நித்திரையடைந்தாராம். அண்ணன் அந்த நேரம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார் என்பது குறிப்பில் வரவில்லை. பெண்கள் வரிசை முழுவதும் திரும்பிக் கெசியாவைக் கனிவோடு பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் அம்மா மட்டும் எதையும் கேட்டமாதிரி தெரியவில்லை. நேற்று வாங்கிய மாத்திரை உறை இன்னும் அவள் கைப்பையில் பிரிக்காமல் இருந்தது.

மண் போட்டு முடிந்ததும் பேராசிரியர் ஜோஷுவா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது.

“வகுப்புல நான் சொன்னேன் இல்லையா? நிறைவான முடிவு. பரீட்சையை அடுத்த வாரம் எழுதிக்கலாம்.”

“சரி சார்.”

கல்வெட்டுகிற ஆதில் கல்லறைத் தோட்ட வாசலில் பலகைக் கல்லைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்த வரிசைக் கல் எல்லாம் அவன் வாப்பாவும் அவனும் வெட்டியவை. பெரியப்பா கெசியாவின் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

“நான் குருவானவரை வண்டி ஏத்திட்டு வாரேன். இதை அவன்ட்ட குடு. எழுத்து விடாம வெட்டச் சொல்லு.”

பெயர். வருடங்கள். அதன்கீழ் அண்ணாவும் பணியும். அதற்கும் கீழே, அடைப்புக்குறிக்குள், ‘மகளின் செபத்தினூடே’.

கெசியா தாளை வருடங்களுக்கு அடியில் மடித்தாள். நகத்தால் மடிப்பை இரண்டுமுறை தேய்த்துவிட்டுக் கிழித்தாள். மேல்பாதியை ஆதிலிடம் கொடுத்தாள்.

அவன் வாசித்துப் பார்த்துவிட்டு, கல்லில் சுண்ணக்கட்டியால் பெயருக்கு ஒரு கோடு போட்டான். வருடங்களுக்கு ஒன்று. பிறகு கீழே கைவிரித்து அளந்தான்.

“ஒரு சாண் காலியா கெடக்கே, பாப்பா. ஒங்க ஆளுக கல்லுல எப்பவும் பேச்சு இருக்குமே.”

சாலையில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெரியப்பா திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆதில் சுண்ணக்கட்டியைக் கல்மேல் வைத்தபடி அவளைப் பார்த்தான். அவள் கைக்குள் கீழ்ப்பாதி வியர்வையில் நனைந்து, மசி உள்ளங்கையில் இறங்கத் தொடங்கியிருந்தது.