பமீலா அடுக்கிய விறகு

என் தம்பி பிரட்லி மெல்போர்னிலிருந்து வந்திறங்கிய மறுநாளே எனக்கு விறகைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டான். எல்லாம் என் தலையெழுத்து. புளியந்தீவில் தச்சுப்பட்டறை வீட்டில் பிறந்து வளர்ந்து, அறுபது வயது தாண்டியும் அதே வீட்டில் தனியாளாக அடுப்பெரிக்கிறவள் நான். எனக்குச் சொல்லித்தர இவன் விமானம் ஏறி வந்திருக்கிறான்.

"அக்கா, பைன் எண்டா மெது மரம். டக்கெண்டு பத்தும், நல்லா எரியும், கொஞ்ச நேரத்தில சாம்பல்தான். ரெட்கம் எண்டு ஒரு மரம் இரிக்கு, இரும்பு மாதிரி. பத்துறதுக்குத்தான் கஷ்டம். பத்திட்டா விடியும்வரைக்கும் தணல் கிடக்கும். குளிர்காலத்தில அங்க வீடு சூடா இரிக்கிறதே அந்த விறகாலதான்."

"இங்க அதெல்லாம் தேவல்லடா. மத்தியானம் ஓட்டுக்குக் கீழ இரி, தானா வேகுவாய்" என்றேன்.

சிரித்தான். ஆனால் அந்தப் பாடம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அவன் மனைவி பமீலா செத்துப்போன நாளிலிருந்து தொலைபேசியில் ஒரே பாட்டுத்தான். "வீட்ட வித்துப்போட்டு என்னோட வந்திரு கா." இப்போது அதை நேரில் கேட்கத்தான் வந்திருக்கிறான். என்னிடம் பதில் தயாராக இருந்தது. மாட்டேன். அதைச் சொல்வதற்குத்தான் பயம். எனக்கென்று உலகத்தில் இருப்பது இவன் ஒருவன். முகம் முறிந்து போனால் பிறகு வருவானா? கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் முடியட்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் பின்வளவில் இன்னும் பப்பா கட்டிய போறணை இருக்கிறது. செங்கல்லால் கட்டி, ஆமை முதுகுபோல மேலே வளைத்து, முன்னால் இரும்புக் கதவு போட்ட, பாண் சுடுகிற பழைய அடுப்பு. அப்போதெல்லாம் பட்டறையில் விழுகிற துண்டுகள்தான் எங்களுக்கு விறகு. ஊரார் கட்டில் செய்ய வருடக்கணக்காய்ச் சேர்த்துவைக்கிற முதிரையிலும் தேக்கிலும் நாங்கள் தேத்தண்ணி கொதிக்கவைத்தோம். அந்தத் திமிர் எங்கள் இரண்டு பேருக்கும் நிறையவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது வீட்டில் தென்னம்மட்டை எரிப்பதாகச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவோம்.

நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது போறணை மூட்டுவார்கள். சீவல் பொறுக்கி, பெட்டிப் பலகையை முறித்து நெருப்புப் பற்றவைப்பது என் வேலை. அது பிடித்த பிறகு வைரமான கட்டைகளைத் தூக்கிவந்து போடுவது பிரட்லியின் வேலை. கட்டை எரிந்து தணலாகி, செங்கல் நெஞ்சுவரை சூடேறியதும் தணலை ஓரத்துக்கு ஒதுக்கி, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, புறூடர் அச்சை உள்ளே தள்ளுவார் பப்பா. வெண்ணெயும் முட்டையும் முந்திரிகை வற்றலும் போட்டுக் கள்ளில் புளிக்கவைத்த மாப்பாண் அது. எங்கள் பறங்கி வீடுகளில் அது இல்லாமல் நத்தார் விடியாது.

மறுநாள் காலையில் பெரும்பாலும் மழை பெய்யும். வாவிப் பக்கத்திலிருந்து குளிர்காற்று அடிக்கும். போறணையின் செங்கல் மட்டும் அப்போதும் சூடாக இருக்கும். நானும் இவனும் ஓடிப்போய் முதுகை அதில் சாய்த்துக்கொண்டு உட்காருவோம். வீட்டுச் சுவர்ப் பக்கம் மழை அடிக்காது. அந்த இடத்துக்காக அடிபடுவோம். நான்தான் மூத்தவள், நகமும் நீளம், அதனால் அந்த இடம் எப்போதும் எனக்கு. இவன் நனைந்துகொண்டு அழுவான்.

இந்த முறை மரம் விற்கிற காலையில் சொல்லிவைத்து நல்ல காய்ந்த, வைரமான பாலை மரத் துண்டுகள் எடுப்பித்து, போறணைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தேன். மூட்டுவதற்குக் கொஞ்சம் பெட்டிப் பலகையும் முள்முருக்கங் கொப்பும்.

"நெருப்ப நான் பாக்கன் கா. நீ மாவப் பாரு" என்றான் பிரட்லி.

இவ்வளவு பாடம் எடுத்தவனாயிற்றே என்று நம்பி விட்டுவிட்டேன். நான் குசினிக்குள் அச்சுகளுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுப் புஸ்பம் சத்தம் போட்டாள்.

"டெனீஸ் அக்கோ! வீடு பத்துதா? சுவாலை கூரைக்கு மேல தெரியுது!"

"தம்பி வெள்ளைக்கார நெருப்பு மூட்டுறான். நீ பயப்பிடாத!"

கொஞ்ச நேரத்தில், போறணை ரெடி என்று வந்து நின்றான். சின்ன அச்சைக் கொடுத்தேன். திரும்பி வந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மேலே கரிக்கட்டை. கத்தியை விட்டால் நடுவில் பச்சை மா.

பின்வளவுக்கு நடந்தேன். போறணைக்குள் தணலே இல்லை, ஒரு பிடி வெள்ளைச் சாம்பல். பெட்டிப் பலகை முழுவதும் முடிந்திருந்தது. முருக்கங் கொப்பும் அப்படித்தான். பாலை விறகு மட்டும் நான் அடுக்கியது அடுக்கியபடியே கிடந்தது. ஒரு துண்டுகூட அசையவில்லை.

"ஏண்டா, உனக்கு மண்டையில கிண்டையில பிழையா? வந்த நாளிலயிருந்து ரெட்கம், ரெட்கம் எண்டு உயிர எடுத்தாய். மெது மரத்தில செங்கல் சூடேறுமா? பப்பா இரிந்தா உன்ன இதுக்குள்ள தள்ளிக் கதவச் சாத்தியிரிப்பார்!"

எனக்கு வாய் ஓயவில்லை. அவன் விறகு அடுக்கின் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரு பாலைத் துண்டைத் தடவினான்.

"பழக்கமாப் போச்சு கா."

"என்ன பழக்கம்?"

"நான் அங்க பைன்தான் எரிக்கிறன். ரெட்கம் எல்லாம் பமீலாட வேலை. படுக்கிறதுக்கு முந்தி அவதான் கட்டை வைப்பா. விடிய நான் எழும்பி வரக்குள்ள வீடு கதகதப்பா இரிக்கும், அவ தணலுக்குப் பக்கத்தில கோப்பியோட இரிப்பா." கையில் ஒட்டிய தூசியைத் தட்டினான். "கடைசியா வாங்கின ரெட்கம் கராஜுக்குள்ள அவ அடுக்கின மாதிரியே கிடக்கு. எனக்கு எடுக்க ஏலல. விடியும்வரைக்கும் தணல் கிடந்து ஆருக்கு கா? எழும்பி வந்து பாக்க ஆள் வேணுமே. பைன் எண்டா எரிஞ்சு முடிஞ்சிரும். நானும் போய்ப் படுத்திருவன்."

என் தனிமையைத் தீர்க்க வந்தவன் என்றுதான் இவ்வளவு நாளும் இவனை நினைத்திருந்தேன். அந்தக் கர்வத்தோடுதான் மாட்டேன் என்ற சொல்லையும் தயார்செய்து வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் தலையில் கைவைக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை.

"எழும்பு. பெரிய அச்சு இன்னும் இரிக்கு" என்றேன்.

வேலியால் புஸ்பத்திடம் கொஞ்சம் சிராய் கேட்டு வாங்கி, குனிந்து உட்கார்ந்து மூட்டினேன். பிடித்த பிறகு பிரட்லி பாலைத் துண்டுகளைத் தூக்கித் தந்தான். முதலில் ஒன்றிரண்டு, பிறகு மளமளவென்று. பொழுது சாயும்போது பெரிய புறூடர் பொன்னிறமாக வெளியே வந்தது. மிஞ்சிய தணலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

விடிந்தபோது மழை. அவனைக் கட்டிலில் காணவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். போறணையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு தோள் தெப்பமாக நனைந்திருந்தது. மழை படாத சுவர்ப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

"இன்னும் சூடு இரிக்கு கா" என்றான்.

போய் உட்கார்ந்தேன். செங்கல் சூடு முதுகில் ஏறியது. மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பிரட்லி, நான் வீட்ட விக்க மாட்டன்."

"தெரியும் கா."

"அங்க குளிர் எப்ப தொடங்கும்?"

"ஜூன்ல."

"அப்ப ஜூனுக்கு டிக்கட் போடு. பமீலா அடுக்கின விறகு முழுக்க எரிச்சு முடிச்சிட்டுத்தான் திரும்பி வருவன். மறுகா மார்கழிக்கு நீ இங்க வந்திரணும், சொல்லிப்போட்டன்."

அவன் முகத்தை நனைந்த சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். சின்ன வயதிலும் இப்படித்தான் துடைப்பான்.

"ரெட்கம் பத்துறது சரியான கஷ்டம் கா."

"பத்தவைக்கிறது எப்பவும் நான்தானேடா" என்றேன். "தள்ளி இங்கால வா. நனையிறாய்."