நான்காம் ஸ்தலத்துப் பெட்டி

மத்தியாஸ் அந்த ஸ்பீக்கர் பெட்டியை அன்று காலையில் மட்டும் மூன்று தடவை இடம் மாற்றிவிட்டான். பார்ப்பவர்கள் தொழில் சுத்தம் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அவன் ஒரு பெண்ணின் காதுக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தான்.

மஸ்கெலியா கடைத்தெருவில் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவன் அவன். கல்யாணம், கருமாதி, தேர்த் திருவிழா, சங்கக் கூட்டம், எதுவானாலும் அவனுடைய குழாய்தான் மரத்தில் ஏறும். எண்பத்திரண்டாம் வருசம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து சுகிர்தம் டீச்சருக்கு ஒரு யோசனை உதித்தது. பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதைக்குப் படமும் வேண்டாம், வேசமும் வேண்டாம். தேயிலை மலையில் பதினான்கு ஸ்தலம், ஒவ்வொன்றிலும் வெறும் சத்தம். கூட்டத்தின் கூச்சல், ஆணி அடிக்கிற ஓசை, நான்காம் ஸ்தலத்தில் மகனைப் பார்த்துத் தாய் அழுகிற அழுகை.

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது மத்தியாஸ். கண்ணுக்கு ஒண்ணும் ஆப்பிடலன்னாத்தான் மனசு பாக்கும்" என்றார் டீச்சர்.

மறைத்து வைப்பது அவனுக்குப் புது வேலை. இத்தனை வருசமாக ஊருக்கே தெரியும்படி உயரத்தில் கட்டித்தான் பழக்கம். குழாய் ஸ்பீக்கர் கூச்சலுக்கும் சுத்தியலுக்கும் தோதுப்பட்டது. மனிதக் குரலுக்கு ஆகாது, எந்தக் குரலையும் மூக்கால் பேச வைத்துவிடும். மாதாவின் அழுகை அதில் வந்தால் தேர் புறப்படுகிற அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். ஆகவே ஹட்டனில் சொல்லி ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர் எடுத்து வந்தான். பனியில் நமுத்துப் போகாமலிருக்கப் பழைய சேலைத் துணியைச் சுற்றினான். பெட்டி சரி. அழுவதற்குத்தான் ஆள் இல்லை. கோயிலுக்கு வருகிற மூன்று பெண்களை உட்காரவைத்துப் பதிவு செய்து பார்த்தான். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மற்ற இருவரும் பாடம் ஒப்பிப்பதுபோல் அழுதார்கள்.

அப்போதுதான் அந்தக் கேசட் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேதான் பிடித்தது சனி.

இரண்டு வருசத்துக்கு முன்னால், இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிற குடும்பங்களை ஹட்டன் ஸ்டேசனில் வழியனுப்பினார்கள். சங்கத் தலைவரின் பேச்சைப் பதிவு பண்ண மத்தியாசைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்த பிறகும் மெசினை நிறுத்த மறந்துவிட்டான். ரயில் நகர்ந்தபோது தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற காளியாயி அழுத அழுகை முழுவதும் அதில் விழுந்திருந்தது. அவளுடைய மகன் அழகுமுத்துவுக்கு இந்தியக் குடியுரிமைக் காகிதம், அவளுக்கு இலங்கைக் காகிதம். 'ஏம்புள்ளைய ஏத்திட்டீங்களே, என்னைய எறக்கிட்டீங்களே' என்று அவள் கத்திய கத்தலில் ஸ்டேசன் மாஸ்டரே கண்ணைத் துடைத்தார்.

யாருடைய குரல் என்று சொல்லாமல் டீச்சருக்குப் போட்டுக் காட்டினான். டீச்சர் அழுதுவிட்டார். "இதுதான்" என்றார். அவன் உண்மையைச் சொல்லாமலே கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

காளியாயியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் சரியென்றிருக்கலாம், விளக்குமாற்றைத் தூக்கியுமிருக்கலாம். இரண்டையும் நின்று பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. போதாக்குறைக்கு நான்காம் ஸ்தலம் விழுந்த இடம் அவள் குடியிருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, நேர் கீழே. கூட்டத்துக்குக் கேட்க வேண்டும், லயத்துக்குக் கேட்கக் கூடாது. எந்த ஸ்பீக்கர்காரனும் இப்படி ஒரு கிறுக்கு வேலையை ஒப்புக்கொண்டிருக்க மாட்டான்.

முதலில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுத் தேயிலைச் செடிக்கு அடியில் வைத்தான். இலையெல்லாம் சேர்ந்து சத்தத்தைத் தின்றுவிட்டது, பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கவில்லை. பாறை இடுக்கில் வைத்துப் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பினான். சத்தம் எதிர்மலையில் மோதி நேராக லயத்து வாசலுக்கே திரும்பிப் போனது. தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறக்கினான். கான் அதைக் குழாய் வைத்ததுபோல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைசியில் சவுக்கு மரத்து வேருக்குள் திணித்து, கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறு போட்டு மூடினான். ஆட்களெல்லாம் தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இந்த முறை அழுகைக் கேசட்டையே போட்டான்.

கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. குறுக்குப் பாதையில் ஏழெட்டுப் பெண்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள். அழுகை கேட்டதும் அப்படியே நின்றார்கள். எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் நின்றவள் காளியாயி.

மத்தியாசின் கை நிறுத்துகிற பொத்தானைத் தேடி, தப்பான பொத்தானை அழுத்தி, ஒருவழியாக நிறுத்தியது.

காளியாயி கூடையை இறக்கி வைத்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"யாரு பெத்தவளோ, பாவம்" என்றாள். "இப்பிடி அழுவுறாளே. எந்தத் தோட்டத்துப் பொம்பள தம்பி இது?"

மத்தியாசுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் எல்லாருக்கும் அவள் குரல் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. அவள் தன் குரலை எந்த மெசினில் கேட்டிருக்கிறாள், அன்று என்ன சொல்லிக் கத்தினோம் என்பதுதான் அவளுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது?

"அந்தப் புள்ள திரும்பி வந்தானா? கடுதாசியாச்சும் போடுறானா?"

பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ரேடியோவில் பிடித்தது என்று சொல்லியிருந்தால் விசயம் முடிந்திருக்கும், அவளும் அந்த யாரோ ஒருத்திக்காக அழுதுவிட்டுப் போயிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"பெரியம்மா, அது நீங்கதாங்க. ஹட்டன் டேசன்ல, அழகுமுத்து போன அன்னிக்கி."

"நானா?" அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தி தலையை ஆட்டினாள். "எங் கொரலு இப்பிடியா இருக்கும்? தொண்டையில கல்லு சிக்கின மாதிரி?"

கானின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மிலாறு மூடிய வேரையே பார்த்துக்கொண்டு, "கேக்காம எடுத்திருக்க. கேக்காமயே சாமிக்கும் குடுக்கப் பாத்திருக்க" என்றாள்.

"தப்புதாங்க. இப்பவே அழிச்சிடுறேன்."

"இரு!" அவன் கையைப் பிடித்துவிட்டாள். "ரயிலு போறப்ப அவன் சன்னல்ல தலைய நீட்டி என்னமோ சொன்னான். நான் அழுத அழுகையில எங் காதுல விழல. ரெண்டு வருசமா அது என்னான்னு தெரியாமத்தான் கெடக்கேன். அதுல இருக்கா?"

மத்தியாஸ் அழுகையோடு நிறுத்தித்தான் பழக்கம். அதற்குப் பிறகு இருந்ததை ஒருநாளும் கேட்டதில்லை. மிலாற்றை விலக்கிப் பெட்டியை வெளியே இழுத்து அவள் மடியில் வைத்தான். கேசட் ஓடியது. அழுகை, ரயில் கூவல், இரும்புச் சத்தம், அதற்கடியில் மெல்லிசாக ஓர் ஆண்குரல். பிடிபடவில்லை. திரும்ப ஓட்டினான். மூன்றாவது தடவை அவள் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

'ஆத்தா, கொடைய பெஞ்சில வச்சிருக்கேன். எடுத்துக்க. மழையில நனையாத.'

"கொடையா?" என்றாள் காளியாயி. "என்னயக் கூப்புட்டுக்குவேன்னு சொன்னான்னுல்ல ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அந்தக் கொடைய நான் பாக்கவே இல்லியே. எவன் எடுத்துட்டுப் போனானோ."

கீழே கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து கணக்கப்பிள்ளை கத்தினார். ஒருத்தியும் நகரவில்லை.

"அழிக்காத தம்பி" என்றாள். "மாதாவுக்கு எங் கொரலு இருந்துட்டுப் போவட்டும். அவளும் பெத்தவதான். லயத்துக்கும் கேக்குறாப்ல வை. எம்புள்ள பேசுனத மட்டும் போடாத. அது எனக்குச் சொன்னது."

"சரிங்க பெரியம்மா."

"இன்னொருக்கா போடு."

போட்டான். ரயில் போயிற்று. மகன் சொல்லி முடிக்கிறவரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியில் சுற்றியிருந்த சேலைத் துணிக்கு மேல் குனிந்து, "சரிப்பா, நனையல" என்றாள்.