உள்ளே விட்ட துணி

புதுச் சட்டையின் கை முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது. கொழுந்தன் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். அண்ணனின் கை கனத்துப்போய் மெத்தையில் விழுந்தது.

“அண்ணி, இது ஏறாது. வேற சட்டை இருக்கா?”

தையல்காரி கட்டிலில் கிடந்த கணவரைப் பார்த்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு, “கொஞ்சம் கண்ணசர்றேன்” என்று படுத்த மனிதர். அவள் பக்கத்து அறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய குறட்டைக்கு இந்த வீட்டில் ரயில் என்று பெயர். ஓடும், மூச்சே இல்லாமல் சற்று நிற்கும், பெரிய இழுப்போடு மறுபடி கிளம்பும். இன்றும் நின்றது. ஸ்டேஷன் வந்துவிட்டது போல என்று சிரித்துக்கொண்டே, கையிலிருந்த திரைச்சீலையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

வந்து பார்த்த டாக்டர், இதயம் நின்றுவிட்டது என்றார். எடை எவ்வளவு என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

“சட்டை நாற்பது” என்றாள்.

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

இந்தப் புதுச் சட்டையை அவரே நேற்று கடையில் வாங்கி வந்திருந்தார், மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்ததால் இந்த ஒரு தடவை ரெடிமேட். “நாற்பதுன்னு சொன்னா கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பாக்கிறான். போட்டுப் பாருங்கன்னு ஒரே பிடிவாதம். என் அளவு எனக்குத் தெரியாதான்னு கேட்டுட்டு வந்துட்டேன்” என்று பெருமையாகச் சொன்னார். அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் டாக்ஸி ஸ்டாண்டில் அவர் சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது. கூட இருந்த டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அவள் சத்தமில்லாமல் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த துணியை வெளியே விட்டுத் தைத்தாள். மறுநாள் போட்டுப் பார்த்தவர் கண்ணாடி முன்னால் நின்று, “பாத்தியா, அப்படியேதான் இருக்கேன்” என்றார். அந்த முகத்துக்காகவே பிறகு தைத்த சட்டைக்கெல்லாம் உள்ளே தாராளமாகத் துணி விட்டாள். பழைய சட்டையிலிருந்த நாற்பது என்ற துணிச்சீட்டைப் பிரித்துப் புதுசின் கழுத்தில் வைத்துத் தைத்தாள்.

நாள் முழுக்க டாக்ஸியில் உட்கார்ந்தே வேலை. சவாரிக்குச் சவாரி ஒரு சோடா. பகலில் கிடைத்த நேரத்தில் சாப்பாடு, ராத்திரி வந்து அதற்கும் சேர்த்து. ஷூ நாடா கட்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். எல்லாம் அவள் கண்ணில் பட்டது. பட்டபோதெல்லாம் சட்டையைப் பிரித்து விட்டாள். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தாள்.

“நான் மருந்துக்கடையிலதானே வேலை பாக்கிறேன் அண்ணி” என்றான் கொழுந்தன். “பிரஷர் பாத்துக்க வாண்ணேன்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். கல்யாணத்தப்ப போட்ட அளவுதான் இன்னிக்கும் போடுறேன், எனக்கென்ன கேடுன்னு கேப்பாரு. நானும் நம்பிட்டேன்.”

அவள் பீரோவைத் திறந்து தான் தைத்த கோடு போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அது வழுக்கிக்கொண்டு ஏறியது. காலரைச் சரிசெய்த கொழுந்தனின் விரல் துணிச்சீட்டில் நின்றது.

“இதுலயும் நாற்பதுதானே போட்டிருக்கு?”

“நான் தச்சது.”

அவன் சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தான். ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. அவளை நிமிர்ந்து பார்க்காமலே பொத்தான்களைப் போட்டு முடித்தான்.

அவள் மிஷின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

மகள் வந்து நின்றாள். ஒன்பது வயது. அப்பா மாதிரியே வாட்டசாட்டம் என்று எல்லோரும் கன்னத்தைக் கிள்ளும் பெண். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சித்தப்பா நல்ல உடையாகப் போட்டுக்கொள்ளச் சொன்னதால் வெள்ளைக் கவுனைப் பாதி மாட்டியிருந்தாள்.

“பின்னாடி கொக்கி எட்டலம்மா. பிரிச்சு விடு.”

அவள் கை பழக்கத்தில் பிளேடை எடுத்தது. எடுத்ததைக் கீழே வைத்தாள். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை உருவி மகளின் இடுப்பைச் சுற்றினாள்.

“எவ்வளவும்மா?”

“முப்பத்திரண்டு.”

“போன தடவை இருபத்தெட்டுன்னுதானே சொன்னே?”

“முப்பத்தொண்ணு இருந்துச்சு.”

மகள் குனிந்து டேப்பைப் பார்த்தாள். அம்மாவின் கட்டைவிரல் எண்ணின் மேல் இருந்தது. மகள் அதை மெல்ல நகர்த்திவிட்டுத் தானே படித்தாள்.