இருபத்து மூன்று காளான்கள்

சலூன்காரர் கைபட்டு எதுவும் ஒட்ட வெட்டப்படாமல் தப்பியதில்லை. அவர் வீட்டு வாசல் செடிகள்கூட ராணுவத்துக்கு ஆள் எடுக்க வரிசையில் நிற்பவை போலத்தான் நிற்கும்.

போன வாரம் அவருடைய அக்கா வீட்டுக்காரர் முடிவெட்ட வந்தார். கழுத்துவரை துணி போர்த்தியிருந்த நிலையிலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் மாப்ளே, தலையை விட்டா உனக்கு வேற என்னதான் தெரியும்?"

காத்திருந்த நாலு பேரும் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்காவோட வாங்க மாமா. புத்துக் காளான் நானே பறிச்சு, நானே ஆக்கிப் போடறேன்."

காளான் உண்மையில் அவர் மனைவியின் இலாகா. ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. மழை விட்டதும் மரக்கிடங்குக்குப் பின்னால் இருக்கும் கரையான் புற்றுக்குப் போய்ப் பறித்து வருவாள். இவர் சாப்பிடுவார். ஆறு வருடம் சாப்பிட்டதே தகுதி என்று நினைத்துவிட்டார்.

ஞாயிறு காலை அவள் எழுவதற்குள் கூடை மேசைக்கு வந்துவிட்டது. இருபத்து மூன்று காளான்கள், ஒரு பொட்டு மண் இல்லை.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதோட அடிக்கட்டை எங்க?"

"ஒரே மண்ணா இருந்துச்சு. தரையோட ஒட்ட, கடைக் கத்தரியாலயே எடுத்துட்டேன்." பாராட்டு வரும் என்று கொஞ்சம் காத்திருந்தார்.

"புத்துக் காளானுக்கு வேர் மாதிரி நீளமா உள்ள இறங்கும். இதே மாதிரி வெள்ளையா விஷக்காளான் ஒண்ணு இருக்கு. அதுக்கு அடியில முட்டை ஓடு மாதிரி ஒரு பை. மொட்டா இருக்கறப்ப ரெண்டும் மேல பார்க்க ஒண்ணுதாங்க. நீங்க அடையாளத்தை அங்கயே விட்டுட்டு மூஞ்சியை மட்டும் கொண்டாந்திருக்கீங்க."

மத்தியானத்துக்கு நாலு மணி நேரம் இருந்தது. இருவரும் கூடையோடு ஓடினார்கள்.

வெட்டின இடங்களைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. அவள் சின்னக் கரண்டியால் மண்ணை விலக்கினாள். கையில் நரம்பு தேடும் அதே விரல்கள், அதே அவசரமின்மை. ஒரு முழ நீள வேர் ஒடியாமல் வெளியே வந்தது. அவர் கத்தரியை மெல்லப் பைக்குள் மறைத்தார். இருபத்திரண்டு கட்டைகளுக்கும் வேர் இருந்தது.

இருபத்து மூன்றாவது, புற்றைவிட்டுத் தள்ளி மரத்தடியில் இருந்தது. மண்ணை விலக்கியதும் வெள்ளையாகக் கிழிந்த ஒரு பை தெரிந்தது.

"இது எந்தத் தலையோடது?"

"வெட்டின தலையை நான் மறக்கறதா?" என்று கூடையோடு மண்டியிட்டார். ஒவ்வொன்றாக அந்தக் கட்டைமேல் வைத்துப் பார்த்தார். நாலு காளான்கள் அச்சாகப் பொருந்தின. அவருக்கு மாமாவின் சிரிப்பு காதில் கேட்டது. நாலையும் எறிந்துவிட்டு மீதியை ஆக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா," என்றார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் சொல்லாத வார்த்தை.

அவள் கூடையை அப்படியே வேர் தோண்டின குழியில் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"இருபத்திரண்டு நல்லதுதானே..."

"ஒரே கூடையில ஒண்ணா கிடந்தாச்சு. சந்தேகம்னு எழுதின ரிப்போர்ட்டை நான் நல்லதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினதே இல்லீங்க."

ரத்தம் கொடுத்துவிட்டு அவளுடைய பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே காத்திருப்பவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று அவருக்கு அப்போதுதான் பட்டது.

மத்தியானம் முட்டைப் பொரியல்தான். "எங்க மாப்ளே காளான்?" என்று மாமா ஆரம்பித்தார். சலூன்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. தன் முட்டாள்தனத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவள் வேரை எடுத்த விதத்தை எழுந்து நின்று நடித்தே காட்டினார். அக்கா சாப்பிட மறந்தாள். மாமா சிரிக்க மறந்தார்.

கடைசியில் மாமா பிடரியைத் தடவியபடி கேட்டார்: "ஏம்மா, அந்தக் கத்தரி..."

"கழுவி, கொதிக்க வெச்சு, இனிமே செடிக்கு மட்டும்னு எழுதி ஒட்டியாச்சுண்ணே," என்றாள். "இன்னொரு முட்டை போடட்டுமா?"