கயிறுகளுக்குள் தெத்சுயா குவபாரா

2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், லண்டன் தோர்ண்டன் ஹீத் கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில் எட்டாவது சுற்றில் தோற்ற ஜப்பானியக் குத்துச்சண்டைக்காரர் தெத்சுயா குவபாரா, சண்டை மேடையின் வாசல் பக்கக் கயிறுகளுக்கிடையால் குனிந்து வெளியே இறங்கியபோது, சமையலறைப் பக்கக் கயிறுகளுக்கிடையால் மேடைக்குள்ளேயே வந்து சேர்ந்தார். அடிபட்ட தலை சுற்றுகிறது என்று நினைத்து மறுபடியும் இறங்கினார். மறுபடியும் ஏறியே வந்தார். நடுவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்துப் பார்த்தார். நடுவர் வெளியே நின்றார், அவருடைய உள்ளங்கையில் தெத்சுயாவின் வியர்வை மட்டும் இருந்தது. தீயணைப்புப் படை வந்து கயிறுகளை அறுத்தது. அறுத்த பிறகும் அதே கதைதான் என்பதால், வேறு யாரும் தவறி விழாமலிருக்க அவற்றைத் திரும்பக் கட்டிவிட்டுப் போனார்கள். மற்ற எல்லாராலும் ஏற ஏலும், இறங்க ஏலும். அவரால் மட்டும் ஏலாது.

தெத்சுயா ஹிமெஜி நகரத்துக்காரர். குத்துச்சண்டைக் கூடம் நடத்திய தகப்பன் அவரை ஒன்பது வயதிலேயே பழக்கத் தொடங்கினார். ஒருகாலம் ஒசாக்காவின் ரயில் நிலையங்களில் அவருடைய படம் ஒட்டப்பட்டிருந்தது. முப்பதைத் தாண்டியதும் பெயர் தேய்ந்து, வளர்ந்துவரும் லண்டன் பொடியன்களிடம் மரியாதையாகத் தோற்றுக் கொடுப்பதற்கென்று வரவழைக்கப்படும் ஆட்களில் ஒருவரானார். இந்தத் தோல்வியோடு விட்டுவிட்டு, ஊரில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளியொன்றில் சேருவதென்று அவர் மனதுக்குள் முடிவெடுத்திருந்தார். தகப்பனுக்கு அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் மன்னாரிலிருந்து வந்த றஜீனா. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து மண்டபத்தைக் கூட்டிப் பூட்டுகிறவள். நாற்பதை நெருங்கியும் கலியாணம் கட்டாதவள். அன்று எல்லாரும் போனபின் அவள் கேட்டது ஒன்றுதான். “சாப்பிட்டீங்களோ?” சைகையிலும் கேட்டாள். மறுநாள் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் விருந்துக்குச் சமைத்திருந்த சோற்றில் ஒரு பங்கு அவருக்குப் போனது. பங்குச் சபைத் தலைவர் றொனால்ட் கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்தார். இரண்டு அதிகாரிகள் வந்து மேடையில் ஏறி, இறங்கி, படிகள் உறுதியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். குழாய் வேலைக்காரர் ஒருவர் மேடைக்கடியால் குழாய் இழுத்து, ஒரு மூலையில் திரை மறைப்புடன் கழிவறை கட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கலியாணங்களும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகளும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளும் அவரைச் சுற்றி நடந்தன. ஒலிபெருக்கிகளில் கேட்டுக் கேட்டே அவர் தமிழ் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பு காதில் விழுந்ததால் செபமும் பாடமாயிற்று. கதவு திறக்கும்போது வரும் மழை மணம்தான் அவரை வாட்டியது. ஒருநாள் றஜீனாவிடம், ஒரே திசையில் நேராக நடந்துகொண்டேயிருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அவள் தேத்தண்ணி ஊற்றினாள். அன்றைக்குப் பிறகு மண்டபத்தைப் பூட்டிவிட்டுப் போக அவளுக்கு அதிக நேரம் பிடித்தது.

ஓட வழியில்லாத ஆளை அடித்துப் பெயரெடுக்கலாமென்று எதிராளிகள் தேடி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் தோற்றார்கள். பலகையின் ஒவ்வொரு முனகலும் தெத்சுயாவுக்குத் தெரிந்திருந்தது. இறங்கிப் போகிற எதிராளியின் முதுகை அவர் கதவுவரை பார்த்துக்கொண்டு நிற்பார். ஹிமெஜியிலிருந்து தகப்பன் தொலைபேசியில் “இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று” என்றார். நோய்க்காலத்தில் நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது அவருக்கு மட்டும் புதிதாக எதுவும் நடக்கவில்லை. 2022இல் பட்டமொன்றும் இடுப்பில் ஏறியது. மறுபடி தோற்றால் கயிறு விடக்கூடும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது. அடுத்த சண்டையில் கைகளைத் தாழ்த்திக்கொண்டு நின்று விழுந்தார். நடுவர் எண்ணி முடித்ததும் எழுந்து வாசல் பக்கமாக இறங்கினார். சமையலறைப் பக்கமாக வந்து சேர்ந்தார். அன்றுதான் றஜீனா அவர் அழுததைக் கண்டாள்.

மகன் வேண்டுமென்றே விழுந்ததைச் சண்டையின் வீடியோவில் கண்டுபிடித்த தகப்பன், எண்பது வயதில் தனியாக விமானமேறி வந்தார். பாடகர் குழு பாடிப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிறு மத்தியானம் மண்டபத்துக்குள் நுழைந்து, யாரையும் பார்க்காமல் மேடையேறி, மகனை ஏசினார். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நடந்தார். கிழவர் வெளியே நின்றார். மகன் எதிர்ப்பக்கம் உள்ளே நின்றார். நம்பாமல் கிழவர் ஏறி ஏறி இழுத்தார். மூச்சு வாங்கி இனி ஏலாது என்றானபோது மேடையிலேயே குந்தியிருந்து, மகனின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல ஏதோ கேட்டார்.

“என்ன கேட்டவர்?” என்றாள் றஜீனா, கயிற்றைப் பிடித்தபடி.

“களைச்சுப் போனியோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டன்.”

அதுவரை களைப்பென்று அவர் எந்த மொழியிலும் தகப்பனுக்குச் சொன்னதில்லை. கிழவர் தலையை ஆட்டினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துப் பின்னேரம்வரை நித்திரை கொண்டார்கள். பாடகர் குழு சத்தமில்லாமல் கலைந்து போனது. தெத்சுயா ஓய்வுபெற்றதாக ஜப்பானியக் குத்துச்சண்டைச் சங்கத்துக்குத் தகப்பனே அறிவித்தார். ஊருக்குத் திரும்புமுன் றஜீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குனிந்து வணங்கினார்.

அதன்பிறகும் கயிறு விடவில்லை. தெத்சுயா ஒருமுறை இறங்கிப் பார்த்தார், திரும்பி வந்தார், குடிக்க ஏதாவது இருக்கிறதோ என்று கேட்டார். அடுத்த தை மாதத்தில் குருவானவர் மேடையேறி அவருக்கும் றஜீனாவுக்கும் கலியாணம் செய்துவைத்தார். றஜீனா காலையில் கயிறுகளுக்கிடையால் குனிந்து ஷிப்ட்டுக்குப் போகிறாள், பின்னேரம் அதே வழியால் வருகிறாள். மண்டபம் கேட்டு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறாள்: “நடுவில எங்கட வீடு இருக்கு. மேசையளைச் சுத்திப் போடுங்கோ.”