அசைபோடும் நிலம்

அண்ணன் பாகத்து மண் அசைபோட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. வயிறு நிறைந்த மாடு படுத்துக்கொண்டு அசைபோடுகிற அதே சத்தம், இரண்டு ஏக்கரிலும் ஒரே சீராக. அன்று மக்காச்சோளம் கிலோ இருபத்திரண்டு. வரப்புக்கு இந்தப் பக்கம் தம்பியின் இரண்டு ஏக்கர் மூச்சு விடவில்லை. மண்ணுக்கு அடியில் மோட்டாரைப் புதைத்து அண்ணன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார் என்று தம்பி முடிவு கட்டினார்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணன் யூரியா வாங்கி இரண்டு வருடமாகிறது. அண்ணி சோளத்தட்டையை எரிக்க விடாமல் நறுக்கி, சாணத்தோடு மண்ணில் புரட்டிவிடுவார், அவ்வளவுதான். பயிரோ கரும்பச்சை. தட்டையைக் கொளுத்திவிட்டு மூட்டை மூட்டையாக யூரியா போட்ட தம்பிக்குப் பத்து நாள் பச்சை, பிறகு மஞ்சள். போட்டதெல்லாம் எங்கே போகிறது? குழாய் வைத்து உறிஞ்சுகிறார்களோ என்று வரப்பை நான்கு இடத்தில் தோண்டினார். மண்புழுதான் இருந்தது. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார்.

"என் யூரியா உங்க சோளத்துக்குள்ள எப்படிப் போச்சு அண்ணி?"

"நடந்தே வந்துச்சு கொழுந்தனாரே."

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தம்பி தன் மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போனார். யூரியா தருகிற தழைச்சத்து அளவுக்கு மீறி இருப்பதாகச் சீட்டு வந்தது. மண்ணில் இருக்கிறது, பயிருக்கு வரவில்லை, அப்படியென்றால் திருட்டுதானே? அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் எல்லோரிடமும் காட்டினார்.

ஏழாவது வருடம் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வந்த பெண் அதிகாரி, சீட்டைப் பார்த்துவிட்டு, மண்ணை எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். காலி யூரியா சாக்கில்தான்.

"அப்ப இது சாக்கோட கணக்குங்க, மண்ணோடது இல்ல" என்றார் அவர். வயலுக்கே வந்து புதிதாக மண் எடுத்துப் பார்த்தார். "மண்ணுல இருக்கிற நொதிதான் தட்டையை உடைச்சு, சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பயிருக்கு விடும். நீங்க தட்டையை எரிச்சிட்டீங்க. அது எதை உடைக்கும்? போட்ட யூரியா பாதி காத்துல போச்சு, பாதி தண்ணியில போச்சு."

இந்த அம்மா அண்ணிக்கு என்ன உறவு என்று தம்பி மூன்று நாள் விசாரித்தார். ஒரு உறவும் இல்லை. அந்த அறுவடைக்குத் தீக்குச்சி கிழிக்கவில்லை. தட்டையை நறுக்கி மண்ணில் புரட்டினார், அரைமனதோடுதான்.

இரண்டு போகம் ஒன்றுமில்லை. மூன்றாவதில், ஒரு மத்தியானம், வரப்போரமாக ஒரு வாய் அளவுக்கு மண் அசைபோட்டது. தம்பி குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டார். மோட்டார் இல்லை. ஆறு வருடச் சீட்டு நெஞ்சுக்கடியில் கசங்கியது. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. வாரத்துக்குள் நான்கு ஏக்கரும் சேர்ந்து அசைபோட, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. ஆகவே தம்பி வரப்பின்மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"அண்ணா! சாப்பிட்டியா?"

"ஆச்சுடா! நீ சாப்பிட்டியா?"

சண்டை என்று நினைத்து ஊர் ஓடிவந்தது. அந்தப் பக்கத்தில் இப்போது எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.